படத்துக்குக் கீழே இருந்த ‘நேற்று’

“அண்ணி, அண்ணன் பேப்பர்ல வந்துகீறாரு” என்று டீக்கடைக்காரர் கூப்பிட்டார். பழவேற்காட்டில் பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கும் கடை அது. ஏலத்தில் எடுத்த இறாலோடு பொன்னேரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். டீக் கறை படிந்த பக்கத்தில், கலரில், என் வீட்டுக்காரர். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். ஒரு கை, நட்ட கம்பின் மேல். முகத்தில் ஒரு சிரிப்பு. வீட்டில் அந்தச் சிரிப்பை அதிகம் பார்க்காதவள் என்பதால் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேலே பெரிய எழுத்தில், “பழவேற்காடு ஏரியில் இறால் வரத்து அதிகரிப்பு: மீனவர்கள் மகிழ்ச்சி” என்று தலைப்பு. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. “பழவேற்காடு ஏரியில் முகத்துவாரம் அருகே நேற்று சுற்று வலையை கட்டி இறால் பிடித்த மீனவர்.”

அந்த வரியை இரண்டாம் தரம் படித்தபோது, ‘நேற்று’ என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். பஸ் வரத் தாமதமானால் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று நினைப்பேன். போன் அடித்தால் எடுப்பதற்குள் யார் செத்தார்கள் என்று நான்கு பேரை மனசில் படுக்க வைத்துவிடுவேன். அதனால் அன்றைக்கும், இது உன் வழக்கமான பயம்தான், பேசாமல் பஸ் ஏறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன். ஆனால் பொன்னேரி வரைக்கும் அந்த ஒரு வார்த்தை கூடவே வந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் எங்கள் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடு என்று நாங்கள் சொல்வது முறையை. ஏரி முழுக்க இறால் ஓடாது. முகத்துவாரத்தை ஒட்டிச் சில தடங்களில்தான் ஓடும். அந்தத் தடத்தில் கம்பு நட்டு, வலையை வளைத்துக் கட்ட, இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று முறை உண்டு. ஊருக்குள்ளும் இன்றைக்கு இந்த வீடு, அடுத்து அந்த வீடு என்று உண்டு. எழுதி வைத்தது இல்லை. எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாணமான ஆம்பிளைக்குத்தான் பாடு கிடைக்கும். பாடு இருந்தால்தான் அவன் ஊரில் ஒரு தலைக்கட்டு. கோயில் வரியில் பேர் இருக்கும், சாவு விழுந்தால் பத்துப் பேர் வருவார்கள். அடுத்த ஊர் முறையில் போய் வலை கட்டினால் அவன் பாட்டை நிறுத்திவிடுவார்கள். ஏரியை விட்டுவிட்டு மாசச் சம்பளத்துக்குக் கம்பெனி வேலைக்குப் போனாலும் அவன் பேரை முறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இந்த இரண்டும் கல்லில் வெட்டின மாதிரி.

பேப்பர் சொன்ன அந்த ‘நேற்று’ எங்கள் ஊர் முறை இல்லை. எதிர்க்கரை ஊரின் முறை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஏரியிலேயே இல்லை. காட்டூருக்குச் சவுக்குக் கம்பு வாங்கப் போயிருந்தார். அந்தப் படம் மழை விட்ட புதிதில், எங்கள் முறை நாளில் எடுத்தது. யாரோ அதிகாரிகள் ஏரியைப் பார்க்க வந்தபோது அவர்கள் படகில் ரிப்போர்ட்டரும் வந்திருந்தார். ‘அண்ணே, இப்படித் திரும்புங்க, அப்படிக் குனியுங்க’ என்று சொல்லிச் சொல்லி எடுத்ததாக இவர்தான் வந்து சொன்னார். எந்தப் பேப்பரில் வரும் என்று கொஞ்ச நாள் பார்த்தோம். வரவில்லை. மறந்துவிட்டோம்.

நான் பொன்னேரியிலிருந்து திரும்புவதற்குள் படம் இரண்டு கரையிலும் எல்லார் போனுக்கும் போய்விட்டது. எதிர்க்கரையிலிருந்து ஆள் வந்து எங்கள் தலைவரிடம் பேசிவிட்டும் போயாகிவிட்டது. அன்றைக்கு அந்தத் தடத்தில் பாடு இருந்தது எதிர்க்கரையில் ஒரே ஒருவருக்குத்தான். அவர் வெறுங்கையோடு திரும்பி, இறாலே ஓடவில்லை என்று சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் ஓடுகிற இறால் அவருக்கு மட்டும் ஏன் ஓடவில்லை என்று அவர் ஊரில் பேசிக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் காலையில் பேப்பர் வந்து காரணத்தைச் சொல்லிவிட்டது. எங்கள் ஆள் முந்திப் போய் வலை கட்டி வழித்துக்கொண்டு வந்துவிட்டார் என்று.

காட்டூருக்குப் போயிருந்தார் என்று, விசாரிக்க வீட்டுக்கு வந்த இரண்டு ஊர்க்காரர்களிடமும் சொன்னோம். வாசலில் இன்னும் பட்டை உரிக்காத கம்புகள் சாத்தியிருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

“கம்பு வாங்கப் போனாராம். விடியசொல்ல ஏரில நட்டுட்டு, வெயிலேறி காட்டூருக்குப் போயி இன்னும் ரெண்டு வாங்கிகினு வந்துகீறாரு. உஷாரான ஆளு.”

அமாவாசைக்கு இரண்டு ஊரும் கூடும், அதுவரைக்கும் வலை நனையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இறால் ஓடுகிற நேரம் அது. வருஷத்தில் நாங்கள் நிமிர்வது அந்த ஒரு ஓட்டத்தில்தான். என் வீட்டுக்காரர் வலையைச் சுருட்டி உள்ளே எடுத்து வைத்தார். என் போனை வாங்கிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் எட்துகீறான்” என்றார்.

“இன்னா மாமா, ஊரே திருடன்னு பேசுது, நீ படத்தப் பத்திப் பேசுற?”

“நான் போகலன்னு உனக்குத் தெரியும்ல? வுடு.”

எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது. அவர் அப்படித்தான். தனக்கு வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர். நான் அப்படி இல்லை. எனக்கு ஊர் முழுக்கத் தெரிய வேண்டும்; தெரிந்ததா என்று திரும்ப ஒரு தரம் கேட்டுவிட்டு வரவும் வேண்டும்.

ரிப்போர்ட்டருக்குப் போன் போட்டேன். மீஞ்சூர்க்காரர். பழவேற்காட்டில் படகு கவிழ்ந்தாலும், பறவை வந்தாலும், அதிகாரி வந்தாலும் பைக்கில் வருவார். நல்ல மனுஷர்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, பழைய படம் என்பதை ஒத்துக்கொண்டார். தினமும் வந்து படம் எடுக்கத் தனக்குக் கட்டுப்படியாகாது என்றும், எடுத்து வைத்ததில் ஒன்றை எடுத்து ‘நேற்று’ என்று போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான் என்றும் சொன்னார். அன்றைக்கே எடுத்தது என்றால்தான் ஆபீஸில் செய்தியாக எடுத்துக்கொள்வார்களாம். போனில் படம் எடுத்த தேதி இருக்குமே, அதைக் காட்டினால் போதுமே என்று கெஞ்சினேன். போன் நிறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். அமாவாசைக்கு வந்து வாயால் சொல்லுங்கள் சார் என்றேன்.

“யக்கா, நான் வந்து அது பழைய படம்னு சொன்னா அன்னிக்கே ஆபீஸுக்குத் தெரிஞ்சிரும். என்னை எடுத்துருவாங்க. நீங்க ஆபீஸ்லயே பேசுங்க. நம்பர் தர்றேன். என் பேர மட்டும் சொல்லாதீங்க.”

ஆபீஸ் நம்பருக்கு அடித்து அடித்து, யார் யாரிடமோ மாறி, கடைசியில் ஒருவர் கிடைத்தார். படத்துக்குக் கீழே வரி எழுதுவதைப் பார்க்கிறவர் அவர்தானாம். மெதுவான குரல். நான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், உங்கள் பேப்பரில் படத்துக்குக் கீழே தப்பாக இருக்கிறது என்றேன்.

“சொல்லுங்கம்மா, என்ன தப்பு? இருங்க, பக்கத்தை எடுத்துக்கறேன்.” காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவரே சொன்னார். “ஆமாம்மா. தப்புதான். மன்னிக்கணும்.”

நின்ற இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

“‘வலையை கட்டி’ன்னு வந்திருக்கு. நடுவுல க் வரணும். வலையைக் கட்டி. எப்படியோ விட்டுட்டோம். நெட்ல இருக்கிறதை இப்பவே மாத்திடறேன். இதையெல்லாம் பார்த்துப் படிக்கிறவங்க இப்போ யாரும்மா இருக்காங்க?”

அது இல்லீங்க சார் என்று ஆரம்பித்து, பாடு, எதிர்க்கரை, காட்டூர், கம்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கே நான் சொல்வது கோர்வையாக இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இடம், நாள் இதெல்லாம் செய்தியாளர் கொடுக்கும் தகவல், அவர் மாற்றிக் கொடுத்தால் மறுப்புப் போடலாம் என்றார். வாக்கியத்தில் இனி பிழை இல்லை என்றும் சொன்னார். செய்தியாளர் யார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேனே.

சாயந்திரம் போனில் பார்த்தேன். மாற்றித்தான் இருந்தார்கள். “நேற்று சுற்று வலையைக் கட்டி இறால் பிடித்த மீனவர்.” முன்னைவிட அழகாக இருந்தது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். படித்தவரைக்கும் எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. தமிழ் டீச்சர் பழைய பேப்பரைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துத் தலைப்பில் பிழை இருந்தால் வட்டம் போடச் சொல்வார். வட்டம் போட ஒன்றும் இல்லாவிட்டால் ஓரத்தில் ‘சரி’ என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் பேப்பர் கையில் கிடைத்தால் நான் தலைப்புகளை அப்படித்தான் படிப்பேன். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தலைப்புகளில் மீனவர்களுக்கு மூன்று வேலைதான். மகிழ்ச்சி, வேதனை, கோரிக்கை. அதைச் சொல்லி நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சிரித்திருக்கிறோம். ஆனால் ‘சரி’ என்று டீச்சர் எழுதச் சொன்னது எழுத்து சரி என்பதற்காக மட்டும்தான் என்று எனக்கு அந்தச் சாயந்திரம் வரைக்கும் தோன்றவே இல்லை.

அமாவாசை நெருங்கிவிட்டது. ரிப்போர்ட்டர் போனை எடுக்கவில்லை. நேரில் போய்க் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வரலாம் என்று மீஞ்சூருக்குப் போனேன். வீட்டில் அவர் இல்லை. எப்போது வருவார் என்று அவர் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ரயில்வே கேட் பக்கம் வந்து ஒரு கடை ஓரமாக நின்றேன். அங்கே ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. ஷிஃப்ட் முடிந்தவர்கள் இறங்கினார்கள். ஒரே நிறச் சட்டை, கழுத்தில் அட்டை. கடைசியாக இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. எதிர்க்கரைக்காரர். எந்த நாளில் என் வீட்டுக்காரர் திருடினார் என்கிறார்களோ, அந்த நாளில் பாடு இருந்தவர்.

அவர் என்னைப் பார்த்ததும் முதலில் செய்தது அட்டையைக் கழற்றிப் பையில் போட்டதுதான்.

“இங்க இன்னா தங்கச்சி பண்ற?”

“நீ இன்னாண்ணா பண்ற?”

டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். பிறகு அவரே சொன்னார். மழைக்கு முன்னாலிருந்தே அந்தக் கம்பெனியில் குழாய் கழுவுகிற வேலை. ஊரில், கடலுக்குப் போகிற வேறு ஒரு படகில் ஆளாகப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறார். பாடு வருகிற நாளில் மட்டும் லீவு போட்டு ஏரிக்குப் போவாராம். அன்றைக்கு லீவு தரவில்லை. வராவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்றிருக்கிறார்கள். விடியலில் வலையோடு படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பி, பழவேற்காட்டுக் கரையில் ஓரமாகக் கட்டிவிட்டு, வேன் ஏறியிருக்கிறார். சாயந்திரம் அதே படகில் வெறுங்கையோடு வீடு.

“வெறும் வலைனு சொன்னேன். வலையே போடலைனு எப்டி சொல்றது?”

“அந்த எடத்துல யாரும் இல்லனு ஒரு வார்த்த சொல்லுண்ணா. அது போதும் எங்களுக்கு.”

“நான் இருந்தாத்தான தங்கச்சி சொல்றதுக்கு? எங்க இருந்தனு கேப்பாங்க. அதோட என் பேரு போச்சு.”

“எங்க பேரு?”

அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயால் என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன், அது மட்டும் உறுதி என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய வாக்காகப் பட்டது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அமாவாசை அன்று வலை பின்னுகிற கூடத்தில் இரண்டு ஊரும் கூடியது. பெண்கள் வெளியே, தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம், பேசக் கூடாது. பேப்பரை நடுவில் விரித்துக் காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்திருந்தார்கள்.

எங்களிடம் வழக்கம் என்னவென்றால், ஒருவர் குற்றம் சொல்லி மற்றவர் இல்லை என்றால், இரண்டு பேரும் ஏரியில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு அம்மன் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பார்த்தேன் என்று சொன்னவர் முதலில் அணைக்க வேண்டும். பொய் சொன்னவர் அந்தக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் போக மாட்டார் என்று எங்களுக்கு நம்பிக்கை. என் வீட்டுக்காரர் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே முங்கிவிட்டு, வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. விடு, விடு என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர்.

எதிர்க்கரைக்காரரைக் கேட்டார்கள். அவர் எழுந்து, “நான் பாக்கல” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். வாக்கைக் காப்பாற்றிவிட்டார். அந்த வாக்கியத்திலும் ஒரு பிழை சொல்ல முடியாது.

அப்படியென்றால் பார்த்தது யார் என்று கேள்வி வந்தது. பேப்பர் என்றார்கள். எங்கள் தலைவர் தலையைத் தடவிக்கொண்டார்.

“பாத்தவன் எதிர்ல நின்னாதான் சத்தியம். பேப்பர் வந்து நிக்குமா?”

பின்னால் யாரோ, பேப்பரையும் முங்க வைத்துக் கூட்டிவா என்றார்கள். ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரர் மட்டும் சத்தியத்துக்கு ஈரத்துணியோடு நின்றுகொண்டே இருந்தார். எதிரில் ஆள் இல்லாமல் ஒற்றைச் சத்தியம் வாங்குகிற வழக்கம் இல்லை என்று அவரைக் கோயிலுக்கு விடவில்லை. வேட்டி உடம்பிலேயே காய்ந்தது.

நான் எதிர்க்கரைக்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் அவர் பேர் அன்றைக்கே போயிருக்கும். எங்கள் பேர் திரும்பியிருக்குமா என்றால் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பொம்பிளை, குற்றம் சுமந்தவன் பொண்டாட்டி, என்ன வேண்டுமானாலும் சொல்வாள் என்பார்கள். அந்தச் சந்தேகத்திலேயே நேரம் போய்விட்டது.

திருடினான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த இறால் ஓட்டம் வரைக்கும் பாட்டை நிறுத்தி வைப்பது, அதுவரை அவர் ஏரியில் வலை போட்டதாகத் தெரிந்தால் பேரையே எடுத்துவிடுவது என்று முடித்தார்கள்.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. உத்தரத்தில் வலை தொங்கியது. அதற்குக் கீழே அவர் உட்கார்ந்திருப்பார். சோறு போட்டால் தின்பார். போடாவிட்டால் கேட்க மாட்டார். எனக்கு என்னென்னவோ நினைப்பு வரும். கத்தரிக்கோல், கயிறு எல்லாவற்றையும் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு ஏலத்துக்குப் போவேன். பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் எதிர்க்கரைக்காரர் என்னிடம் வந்தார். வேனில் இடம் இருக்கிறது, ஆள் கேட்கிறார்கள், வரச் சொல் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவரைத் திட்ட வேண்டும் என்று நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். எத்தனை மணிக்கு வேன் என்று கேட்டேன்.

பொன்னேரியில் ஐஸ் ஏற்றப் போகிறார் என்று ஊரில் சொன்னோம். அன்றாடக் கூலிக்கு அப்படிப் போய்வருவதில் தப்பில்லை. ஊரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்காமல் இருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேரும் அதே வேனில், அதே குழாய்களைக் கழுவினார்கள். பழைய பேச்சை எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, “எறா ஓடுதா?” என்றுதான். ஏலத்தில் பார்த்ததை நான் சொல்வேன். எந்தப் பக்கத்துக் காற்று, எந்தத் தடம் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அடுத்த மழை வந்து, விட்டது. பாடு திரும்பக் கிடைக்கப் போகிறது, வலையைப் பார்த்து வைத்துக்கொள் என்று தலைவரே ஜாடையாகச் சொன்னார். இவர் வலையை இறக்கிக் கண்ணி கண்ணியாகப் பார்த்தார். பாடு வந்ததும் கம்பெனியை விட்டுவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். காட்டூர்க் கம்பு அப்படியே இருந்தது. அந்த வாரத்தில்தான் டீக்கடைக்காரர் திரும்பவும் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. பேப்பரை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பழவேற்காடு ஏரியில் இறால் வரத்து குறைவு: மீனவர்கள் வேதனை.” கீழே என் வீட்டுக்காரர். அதே படம் இல்லை. அதே நாளில் எடுத்த வேறு படம். சிரிப்பு இல்லை, குனிந்து வலையைப் பார்க்கிறார். பார்க்கிறவர்களுக்கு வேதனை மாதிரித்தான் இருக்கும். அன்றைக்கு அவர் வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டிருந்தார் என்று வந்து சொன்னது எனக்கு நினைவு இருக்கிறது. “முகத்துவாரம் அருகே நேற்று சுற்று வலையைக் கட்டியும் இறால் கிடைக்காமல் ஏமாற்றமடைந்த மீனவர்.”

க் இருந்தது. எல்லா எழுத்தும் இருந்தது. கூப்பிட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை.

பழைய படம், போன வருஷம் போட்டிருந்த அதே நீலச் சட்டையைப் பாருங்கள் என்று நான் வீடு வீடாகக் காட்டினேன். அவனுக்கு இருப்பதே அந்த ஒரு சட்டைதானே என்றார்கள். பொய் இல்லை. ரிப்போர்ட்டர் போனை எடுக்கவில்லை. இரண்டு நாளில் திரும்பவும் கூடத்தில் கூடினார்கள். திரும்பவும் நடுவில் பேப்பர், மேலே கல்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தலைவருக்கு அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. அது குரலிலேயே தெரிந்தது.

“பேப்பர வுடு. அந்த நாள் நீ எங்க இருந்த? அத மட்டும் சொல்லு.”

இவர் வாயைத் திறக்கவில்லை. ஏரியில் இருந்தேன் என்றால் பேர் போகும். கம்பெனியில் இருந்தேன் என்றாலும் பேர் போகும். ஐஸ் ஏற்றினேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக் கற்பூரம் அணைக்கச் சொன்னால் அணைக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது ஒருவர் ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று இருந்தது. அது நல்லதோ கெட்டதோ.

எதிர்க்கரை வரிசையில் அவர் எழுந்தார். கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். வேனிலிருந்து நேராக வந்திருப்பார். அல்லது வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்திருப்பார்.

“அந்த நாள் இவரு என் பக்கத்துல உக்காந்துகினு வேன்ல வந்தாரு. மீஞ்சூருக்கு. கம்பெனிக்கு. இத நான் பாத்தேன்.”

கூடத்தில் சத்தம் எழுந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“போன வருசம் என் பாடு நாள்லயும் நான் வேன்லதான் போனேன். அந்த எடத்துல அன்னிக்கு யாரும் வல கட்டல. நானே கட்டல. கற்பூரம் ஏத்துங்க.”

அவருடைய ஊர்க்காரர்களே அவரைத் திட்டினார்கள். ஆனால் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் இப்போது இருந்தார். இரண்டு பேரும் ஏரியில் முங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கற்பூரத்தை அணைத்தார்கள். இவர் திருடவில்லை, போன வருஷமும் இல்லை, இந்த வருஷமும் இல்லை என்று தலைவர் சத்தமாகச் சொன்னார். பிறகு குரலை இறக்கி, கம்பெனிக்குப் போகிறவர்களுக்குப் பாடு இல்லை என்பதையும் சொன்னார். இரண்டு ஊர் முறையிலிருந்தும் ஒவ்வொருவர் பேர் எடுக்கப்பட்டது. முறை முறைதான் என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அதை இன்னொருவருக்குச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

வீட்டுக்கு நடக்கும்போது, “திருடன் இல்லன்னு ஆச்சு” என்றார்.

“பாடு?”

அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே முன்னால் நடந்தார்.

வலையைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். காட்டூர்க் கம்பில் இரண்டை நட்டுத் துணி காயப் போடக் கொடி கட்டியிருக்கிறோம். வேன் தினமும் வருகிறது. அவர் முன்னைவிடக் கொஞ்சம் பேசுகிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எறா ஓடுதா என்று இப்போது கேட்பதில்லை.

ரிப்போர்ட்டரைப் போன மாதம் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். ஓட முடியாதபடி பைக்குக்கு முன்னால் போய் நின்றேன். சண்டை போடுவதற்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு மொத்தம் எத்தனை படம் எடுத்தீர்கள் சார் என்று கேட்டேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

“தெரியலையேக்கா. நெறைய எடுத்தேன். எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் கீது. அண்ணன் அன்னிக்கு நல்லா நின்னாரு.”